பெயர் சொல்லாமல் கேட்க: குழந்தைகளோடு எட்டு சனிக்கிழமைகள்

முதல் சனிக்கிழமை மூன்றே நிமிடத்தில் முடிந்துபோனது. ஆறு குழந்தைகள்: என் மகள், அக்காவின் இரண்டு பையன்கள், பக்கத்து வீட்டு மூவர். கடைக்குட்டிக்கு ஆறு வயது, பெரியவனுக்குப் பதினொன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷெஃபர் 1948இல் பாரிஸில் ரயில் சத்தங்களை மட்டும் இசைத்தட்டுகளில் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு அடுக்கிச் செய்த படைப்பைப் போட்டேன். இசைக்கருவியே இல்லாமல், பதிவுசெய்த சத்தங்களைக் கொண்டே இசை செய்யலாம் என்று காட்டிய முதல் படைப்புகளில் அது ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைகளும் அப்படியே வாய் பிளந்து உட்காருவார்கள் என்று நம்பியிருந்தேன்.

விசில் கேட்டதும் பெரியவன், "ரயில்" என்றான். மற்றவர்களும், "ஆமா, ரயில்" என்றார்கள். அத்தோடு சரி. சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது, பிறகு கேட்க என்ன இருக்கிறது? இரண்டாவது நிமிடத்தில் அறையில் நானும் ஸ்பீக்கரும்தான்.

அன்று இரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் கேட்காமல் இல்லை. என்னைவிட வேகமாகக் கேட்டார்கள். ஆனால் பெயர் வாயில் வந்த நொடியில் காது மூடிக்கொண்டது. எனவே நான் செய்ய வேண்டியது நல்ல பதிவுகளைத் தேடித் தருவதல்ல. பெயர் வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. இரண்டாவது வாரத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: "அது என்ன" என்று சொல்லக் கூடாது, "அது எப்படி இருக்கு" என்றுதான் சொல்லலாம்.

தொடக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் போதுமாக இருந்தது. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் (பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இவர் வேறு ஆள்) 1960களில் வகுப்பறைகளில் 'காதைச் சுத்தம் செய்தல்' என்ற பெயரில் சில பயிற்சிகளைச் செய்தார். அதில் ஒன்று, ஒரு தாளைச் சத்தமே வராமல் கைமாற்றிக்கொண்டு போவது. வட்டமாக உட்கார்ந்தோம். முதல் சுற்றில் ஒரே சிரிப்பு. இரண்டாவது சுற்றில் தாளின் ஓரம் கடைக்குட்டியின் நகத்தில் உரசியது, 'ஸ்ஸ்' என்று. எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவது சுற்றில் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அமைதியா இருங்க" என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சத்தம் வராமல் செய்ய முயன்றபோதுதான் எவ்வளவு சின்னச் சத்தமெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்து கம்பி ஹேங்கர். சட்டை மாட்டும் சாதாரண ஹேங்கரின் இரண்டு மூலைகளிலும் முழ நீள நூல் ஒவ்வொன்று கட்டி, நூல் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றி, விரல்களைக் காதில் வைத்துக்கொண்டு குனிய வேண்டும். இன்னொருவர் கரண்டியால் ஹேங்கரை மெல்லத் தட்ட வேண்டும். வெளியே நிற்பவருக்கு 'டிங்' என்று ஒரு சொத்தைச் சத்தம். காதில் விரல் வைத்தவருக்கோ பெரிய கோயில் மணி. மெல்லிய கம்பியால் காற்றை அதிகம் தள்ள முடியாது, அதனால் அதன் அடிச்சுரங்கள் காற்றுவழி நம்மை எட்டுவதே இல்லை. இழுத்துப் பிடித்த நூலும் விரலும் எலும்பும் அவற்றை நேராகக் கொண்டுவந்துவிடுகின்றன. எட்டு வயது மகள் நிமிர்ந்து, "அப்பா, இது உள்ளே இருந்து வருது" என்றாள். நூல் தளர்வாக இருந்தால் இது நடக்காது. ஹேங்கர் உடம்பில் படாமல் தொங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

எப்படி இருந்தது என்று சொல்லச் சொன்னபோது நம் மொழி கை கொடுத்தது. சலசல, கிணுகிணு, தடதட, நெறுநெறு, சரசர: இரட்டைக்கிளவிகள் குழந்தைகளிடம் ஏராளம். ஒரு வாரம் முழுக்க அவற்றைச் சுவரில் எழுதி ஒட்டினோம். ஹேங்கருக்கு எதுவுமே பொருந்தவில்லை. கடைக்குட்டி 'ங்ஙோம்ங்ஙோம்' என்று புதிதாக ஒன்றைச் செய்தாள். அதையும் ஒட்டினோம்.

மூன்றாவது வாரம் அட்டைக் குழாய்கள். துணி சுற்றி வரும் குழாய், காலண்டர் குழாய் என்று 30 செ.மீ., 60 செ.மீ., ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று. ஜன்னலோரம் நின்று குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்தால் தெருவின் இரைச்சல் ஒரு சுரமாகக் கேட்கும். நீளக் குழாயில் தாழ்ந்த சுரம், குட்டையில் உயர்ந்த சுரம். இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். பெரியவன் குழாயைக் காதில் அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தி, "மாமா, ஒட்டி வச்சா கீழே இறங்குது" என்றான். அவன் சொன்னது மிகச் சரி. இரு முனையும் திறந்திருந்தால் 60 செ.மீ. குழாயின் அடிச்சுரம் சுமார் 286 ஹெர்ட்ஸ். காதில் ஒட்டினால் ஒரு முனை அடைபட்டு அது பாதியாக, 143 ஹெர்ட்ஸுக்கு, அதாவது முழுசாக ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது பாடமாகியிருக்கும்.

இனி மைக். இதில்தான் நேரமும் பொருளும் அதிகம் செலவானது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

காற்றில் வரும் ஒலியைப் பிடிப்பது சாதாரண மைக். பொருளின் உடம்பில் ஓடும் அதிர்வை நேராகப் பிடிப்பது தொடு மைக். அதற்கு வேண்டியது ஒரு பியசோ தகடு. அலாரங்களிலும் பேசும் பொம்மைகளிலும் 'பீப்' அடிக்கிறதே, அந்த வட்டப் பித்தளைத் தகடு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தக் குணத்தை ழாக் கூரியும் பியேர் கூரியும் 1880இல் படிகங்களில் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் தகடு அதிரும், அதிர வைத்தால் மின்சாரம் தரும். 27 மி.மீ. தகடு நான்கு வாங்கினேன்.

முதல் முயற்சி படு மோசம். தகட்டோடு வந்த முடி போன்ற வயர்களை நீளமாக்கி, ஒரு பிளக்கைச் சேர்த்து, சிறிய ஸ்பீக்கரின் மைக் துளையில் செருகினேன். மேசையைத் தட்டினால் தகர டப்பாவில் மணல் கொட்டியதுபோல் ஒரு சத்தம். அடிநாதமே இல்லை. அதற்கு மேல் 'ம்ம்ம்' என்று விடாத ஹம்மிங்.

அடிநாதம் ஏன் காணோம்? பியசோ தகடு ஒரு சிறு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும், இந்த அளவுக்குச் சுமார் 20 நானோ ஃபாரட். அதில் சேரும் மின்னூட்டம் ஸ்பீக்கரின் உள்ளீட்டு மின்தடை வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல. வேகமாக ஊற்றினால் கொஞ்சம் நிற்கும், மெதுவாக ஊற்றினால் நிற்கவே நிற்காது. வேகமான அதிர்வுகள், அதாவது உயர்ந்த சுரங்கள், தப்பிக்கும். மெதுவான அதிர்வுகள் ஒழுகிப்போகும். மைக் துளையின் மின்தடை 10 கிலோ ஓம் என்றால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். அதையே ஒரு மெகா ஓம் ஆக்கினால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மனிதக் காது கேட்கத் தொடங்குவதே 20 ஹெர்ட்ஸ் அளவில்தான். ஆக, வாளியின் ஓட்டையை அடைத்தால் போதும்.

அதற்கு ஒரு ஜே-ஃபெட் டிரான்சிஸ்டர், 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 4.7 கிலோ ஓம் ஒன்று, 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. தகட்டின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் வயரை டிரான்சிஸ்டரின் 'கேட்' காலில் சேர்த்து, அங்கிருந்து 1 மெகா ஓமைத் தரைக்கு (பேட்டரியின் எதிர்முனையும் தகட்டின் பித்தளையும் சேரும் பொது இணைப்பு) இணைக்க வேண்டும். 'டிரெய்ன்' நேராக பேட்டரியின் நேர்முனைக்கு. 'சோர்ஸ்' 4.7 கிலோ ஓம் வழியே தரைக்கு. அதே சோர்ஸிலிருந்து கெப்பாசிட்டர் வழியே ஸ்பீக்கருக்கு. கெப்பாசிட்டரின் நேர்முனை சோர்ஸ் பக்கம் இருக்கட்டும். இந்தச் சுற்று ஒலியைப் பெருக்காது. ஒழுகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். பேட்டரி தவிர மற்றதெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

மேசையை மறுபடி தட்டினேன். 'தொம்' என்றது. பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடி வந்து, "யாரு கதவைத் தட்டுறா?" என்றாள்.

ஹம்மிங்குக்குக் காரணம் வேறு. சாதாரண வயர் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸை ஆன்டெனா போலப் பிடிக்கிறது. வெளியே உலோகப் பின்னல் சுற்றிய ஷீல்டு வயருக்கு மாறினேன். வெளிப்பின்னல் பித்தளைக்கு, நடுக்கம்பி வெள்ளைப் பகுதிக்கு. பிறகு வெள்ளைப் பகுதி முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, தாளின் ஓரம் பித்தளையைத் தொடும்படி இன்னொரு டேப்பால் இறுக்கினேன். அலுமினியத் தாள் வெள்ளைப் பகுதியைத் தொட்டுவிட்டால் ஒலியே வராது, அங்கே கவனம் வேண்டும். ஹம்மிங் நின்றது.

நான்கில் இரண்டு தகடுகளைக் கெடுத்தேன். ஒன்றில் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்ததில் வெள்ளி மினுக்கு அப்படியே உரிந்து வந்துவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் தகட்டில் சூடு படக் கூடாது. முதலிலேயே வயர் நுனியில் ஈயம் பூசிக்கொண்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் நகப்பூச்சு அடித்துத் தண்ணீருக்குள் விட்டேன். ஓரத்தில் எங்கோ நீர் புகுந்து, இரைந்து, அடங்கிப்போனது. அதற்குப் பிறகு தண்ணீருக்குள் போடுவதை விட்டுவிட்டுக் கண்ணாடித் தம்ளரின் வெளிப்பக்கத்தில் துணி கிளிப்பால் கவ்வ வைத்தேன். வெதுவெதுப்பான நீரில் ஐஸ்கட்டி போட்டால் உள்ளே அது விரிசல் விடும் ஒவ்வொரு 'டக்'கும் கேட்கிறது. அதுவே போதும். வயர் சேரும் இடத்தில் ஹாட் க்ளூ ஒரு சொட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் கையில் ஒரு மணி நேரம் தாங்காது. சால்டரிங் முழுவதும் ஜன்னலைத் திறந்துவைத்து நானே செய்தேன். டேப் ஒட்டுவது, கிளிப் மாட்டுவதெல்லாம் குழந்தைகள்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலில் ஹெட்போனில் கேட்கலாம் என்று நினைத்தேன். மகள் காதில் மாட்டியிருந்தபோது அக்கா பையன் தகட்டைப் பென்சிலால் சுண்டினான். மகள் ஹெட்போனைக் கழற்றி வீசினாள், அழவில்லை, ஆனால் முகம் வெளிறிவிட்டது. பியசோவைத் தட்டினால் திடீரென்று மின்னழுத்தம் துள்ளும். அது நேராகக் காதுக்குப் போகிறது. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஹெட்போனை அன்றே பெட்டியில் போட்டேன். நடுவில் ஒரு சின்ன ஸ்பீக்கர், பாதி ஒலியளவு, சுற்றி எல்லோரும். ஒருவர் கேட்பதை எல்லோரும் கேட்பதில் வேறொரு நன்மையும் உண்டு: மற்றவர் முகத்தைப் பார்க்கலாம்.

ஐந்தாவது, ஆறாவது வாரங்கள் முழுக்கத் தகடும் கையுமாக வீட்டைச் சுற்றினோம். சீப்பின் பற்கள், ஊதிய பலூன், துணி காயும் கம்பி, இரும்பு கேட். கேட் கம்பியில் காற்று பட்டால் ஏதோ ஒரு மிருகம் தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல இருக்கிறது. தளர்வாகப் பிடித்தால் உயர்ந்த சுரங்கள் காணாமல் போகும். கிளிப்பின் அழுத்தம் முக்கியம் என்பதைக் குழந்தைகளே கண்டுகொண்டார்கள். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே மேசையில் இருந்ததால் ஒருமுறை 'கூ' என்று ஊளையிட்டது. நான் ஓடிப்போய் அணைக்கப் பார்த்தேன். பெரியவன் தடுத்து, மேசைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். ஊளையின் சுரம் மாறியது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1968இல் மைக்குகளை ஸ்பீக்கர்களுக்கு மேல் ஊஞ்சலாட விட்டு இதே ஊளையைக்கொண்டு ஒரு முழுப் படைப்பே செய்தார் என்று பிறகுதான் அவனிடம் சொன்னேன்.

எல்லாவற்றிலும் எனக்கு மறக்காதது பென்சில். மரப்பலகையின் அடியில் தகட்டைக் கவ்வ வைத்து, மேலே தாள் வைத்து வரையச் சொன்னேன். நேர்கோடு 'சர்ர்' என்று போகிறது. வட்டம் போட்டால் ஒலி ஏறி இறங்கிச் சுழல்கிறது. புள்ளி வைத்தால் மத்தளம். கடைக்குட்டி கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். தாளில் என்ன விழுகிறது என்று பார்க்கவே இல்லை. காதுக்குப் பிடித்த இடத்தில் கை திரும்பத் திரும்பப் போய் வந்தது. முடிந்ததும் பார்த்தால் தாளின் வலது மூலையில் ஒரு கருத்த முடிச்சு, அங்கிருந்து மெல்லிய நூல்போல ஒரே ஒரு கோடு இடது ஓரம்வரை. அதை அவள் அண்ணன் கையில் எடுத்து, "இத வாசிக்கலாமா?" என்றான். ஹேங்கரையும் குழாயையும் வைத்து வாசித்தார்கள். முடிச்சுக்கு ஆறு பேரும் சேர்ந்து இரைந்தார்கள், கோட்டுக்கு ஒருத்தி மட்டும் குழாயில் ஊதிக்கொண்டே இருந்தாள். இப்படிப் படமாக எழுதிய இசைக்குறிப்புகளுக்கு ஒரு மரபே உண்டு. இங்கிலாந்தின் இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்ட்யூ 1963 முதல் 1967 வரை 193 பக்கங்கள் வரைந்தார், எப்படி வாசிப்பது என்று ஒரு குறிப்பும் வைக்காமல்.

ஏழாவது வாரம் மறுபடி ரயில் படைப்பின் பியேர் ஷெஃபரிடம் போனேன். மணி ஒலியின் தொடக்கத்தை வெட்டிவிட்டால் அது மணியாகவே கேட்காது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு சின்ன மணியைப் போனில் பதிவுசெய்து, முதல் அரை விநாடியை வெட்டிப் போட்டேன். "புல்லாங்குழலா?" "யாரோ பாடுறாங்க." "தூரத்துல." அடித்த அந்தக் கணம்தான் மணிக்குப் பெயர் தருகிறது, அது போனதும் பெயரும் போனது. அப்போதுதான் முதல் வாரத்து ரயிலை மறுபடி போட்டேன். மூன்று நிமிடமும் உட்கார்ந்தார்கள். "இந்த இடத்துல மூணு தடவை அதே வருது, நாலாவது தடவை வரல" என்றான் பெரியவன்.

போனில் பதிவுசெய்யும்போது ஒன்று. பல போன்கள் மனிதக் குரலைத் தவிர மற்றதை இரைச்சல் என்று நினைத்துத் தானாகவே அமுக்கிவிடும். மணியின் வால் பகுதி பாதியில் அறுந்தால் காரணம் அதுதான். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலியளவையும் அணைக்க வழியுள்ள பதிவுச் செயலியை எடுங்கள்.

கடைசி வாரம் கேட்க மட்டும். 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் பியானோக் கலைஞர் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் படைப்பொன்றை ஒரு சுரமும் வாசிக்காமல் நிகழ்த்தினார். பின்னர் அச்சான இசைக்குறிப்பின்படி மூன்று பகுதிகள்: 33 விநாடி, 2 நிமிடம் 40 விநாடி, 1 நிமிடம் 20 விநாடி. பகுதி தொடங்கும்போது பியானோ மூடியைச் சாத்தி, முடியும்போது திறந்தார். எங்களிடம் பியானோ இல்லை, ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. கடைக்குட்டிதான் டியூடர். கையில் கடிகாரம்.

முதல் பகுதியில் யாரோ எச்சில் விழுங்கினார்கள். இரண்டாவது பகுதி நீளமானது. மின்விசிறி, அதற்குப் பின்னால் ஒரு நாய், அதற்கும் பின்னால் ஏதோ வண்டி மேடேறுவது. மூன்றாவது பகுதியில் மகள் தன் காதைத் தானே மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டதற்கு, "உள்ளேயும் ஓடிட்டே இருந்துச்சு" என்றாள். ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத ஒரு அறைக்குள் போய்விட்டு வந்த கேஜும் அங்கே தனக்கு இரண்டு ஒலிகள் கேட்டதாகச் சொன்னார். அதை அவளிடம் சொன்னேன். "அவருக்கு ரெண்டுதானா?" என்றாள்.

பெட்டி மூடி ஒவ்வொரு முறை திறந்தபோதும் கீல் 'கிரீ...ச்' என்று இழுத்தது. பெரியவனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அம்மா அப்பாக்களை உட்கார வைத்துச் செய்யப்போகிறோம், அதற்குள் எண்ணெய் விட்டுவிடலாம் மாமா என்றான். கடைக்குட்டி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அது நான் வாசிக்கிறது."

எண்ணெய் விடவில்லை. தகட்டைக் கீலுக்குப் பக்கத்தில் கவ்வ வைத்தோம்.